எண்ணும் எண்ணுருவும்: பதின்ம எண்களைக் கணினி எழுதும் முறை



மொழி மன்றத்தின் மேடையில் எண்களைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். எண் என்பது கணக்கருக்கு உரியது, எழுத்தே நமக்கு உரியது என்பது அவ்வெண்ணத்தின் அடிப்படை. ஆனால் எண்ணைத் தாளில் எழுதும்போதும் கணினித் திரையில் காட்டும்போதும் அது எழுத்தாகவே ஆகின்றது. எண் வேறு, எண்ணுரு வேறு. எண் என்பது ஓர் அளவு. எண்ணுரு என்பது அவ்வளவைப் பிறர் படிக்குமாறு எழுதிக்காட்டும் வடிவம். இவ்விரண்டிற்கும் இடையே நிகழும் மாற்றத்தில் சில வேளைகளில் பொருள் சிறிது சிந்திவிடுகின்றது. அச்சிந்தல் எங்கே நிகழ்கின்றது, அதனால் யார் இழக்கின்றனர், தமிழில் எண்களைக் காட்டும் நிரல்கள் எவற்றைக் கருத வேண்டும் என்பனவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் நாம் செய்த ஒரு பிழையைச் சொல்லித் தொடங்குவோம். சில ஆண்டுகட்கு முன் சிறு கூட்டுறவு அங்காடி ஒன்றிற்கு விற்பனைக் கணக்கு நிரல் எழுதிக்கொடுத்தோம். பருப்பு, வெங்காயம், மிளகாய் என நிறுத்து விற்கும் பொருள்களுக்கு எடையையும் கிலோவின் விலையையும் இட்டால், நிரல் பெருக்கி, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களோடு பட்டியல் அச்சிடும். அங்காடியின் கணக்கைப் பார்த்துவந்தவர் தோட்டத்தில் பல்லாண்டுகள் கிராணியாராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர். ஒருநாள் அவர் பட்டியல் ஒன்றை நம்முன் வைத்து, “தம்பி, இந்தக் கணக்க இன்னொரு தடவ கையால போட்டுப் பாருங்க” என்றார். கிலோ 5 வெள்ளி 35 சென் விலையுள்ள பருப்பு அரைக் கிலோ. கையால் போட்டால் 2.675. வழக்கப்படி ஐந்தை மேலேற்றி 2.68 என்று எழுத வேண்டும். கணினி 2.67 என்று அச்சிட்டிருந்தது.

ஒரு சென்தானே என்று நாம் முதலில் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு சென் பிசகினாலும் சம்பள நாளன்று எத்தனை பேருக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும் என்பதை அறிந்தவர் அவர்.

அவருடைய கவலையின் வேரை இந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. நம்மில் பலர் லயத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள். வைகறைப் பெரட்டுக்குப் பின் மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, பால் கொட்டகைக்குச் சுமந்து சென்று நிறுவைக்கு வைத்த காலம் நம் பெற்றோர் காலம். பாலின் எடை மட்டும் கூலியை முடிவுசெய்வதில்லை. பாலில் நீரும் உண்டு. காய்ந்தால் எஞ்சும் ரப்பரின் பங்கே மதிப்புடையது. மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியால் அப்பங்கை அளந்து, எடையோடு பெருக்கி, காய்ந்த ரப்பரின் அளவைக் கணக்கிடுவர். 33.5 கிலோ பால், அதில் நூற்றுக்கு 30 பங்கு ரப்பர் என்று கொள்வோம். விடை 10.05 கிலோ. ஏட்டில் புள்ளிக்குப் பின் ஓரிலக்கத்திற்கே இடம் இருந்தால், 10.0 என்று எழுதுவதா, 10.1 என்று எழுதுவதா? நாள்தோறும் இறக்கியே எழுதினால் 26 வேலை நாள்களில் 1.3 கிலோ காணாமற்போகும். பெருக்கல் சரியாக இருந்தும், எழுதும் முறையால் மட்டுமே நேரும் இழப்பு இது.

பழைய எடையளவுகளிலும் இச்சிக்கல் இருந்தது. ஒரு பிக்குல் 100 கட்டி. பவுண்டுக் கணக்கில் அது 133⅓. இதனைப் பதின்ம முறையில் எழுதப் புகுந்தால் 133.333 என மூன்று முடிவின்றி நீளும். ஈரிலக்கத்தோடு நிறுத்தி மூன்று பிக்குலைக் கூட்டினால் 399.99 வரும், உண்மையோ 400. எந்த எண்முறையை எடுத்துக்கொண்டாலும் அதில் முடிவுபெறும் பின்னங்களும் உண்டு, முடிவுபெறாதனவும் உண்டு. பத்தை அடியாகக் கொண்ட முறையில், பகுதி எண் இரண்டாலும் ஐந்தாலும் மட்டும் ஆனதாக இருந்தால் பின்னம் முடிவுபெறும். மூன்று புகுந்தால் முடிவுபெறாது.

இனிக் கணினிக்கு வருவோம். கணினி இரண்டை அடியாகக் கொண்டு எண்ணுகின்றது. எனவே அதன் முறையில் அரை, கால், அரைக்கால் ஆகியன முடிவுபெறும். ஐந்து புகுந்த பின்னங்கள் முடிவுபெறா. பத்தில் ஒன்று என்பது நமக்கு 0.1 என்னும் எளிய எண். கணினிக்கோ அது 0.000110011001100 என்று முடிவின்றித் தொடரும் இரட்டை எண். 1985ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.இ.இ.இ. 754 என்னும் தரநிலை, மிதவைப்புள்ளி எண்களை வைத்துக்கொள்ளும் முறையை வரையறுத்தது. இன்று பெரும்பாலான நிரல்மொழிகள் பின்பற்றும் இரட்டைத் துல்லிய வடிவத்தில் 53 இரட்டை இலக்கங்களுக்கே இடமுண்டு. அதற்குமேல் உள்ளதை வெட்டி, அருகிலுள்ள அளவை வைத்துக்கொள்வர். நாம் 2.675 என்று இட்டபோது கணினியின் நினைவகத்தில் அமர்ந்தது 2.674999999999999822 என்று தொடங்கும் ஓரளவு. அது பாதிக்கு மயிரிழை குறைவு. ஆகவே இரண்டு இலக்கங்களுக்குச் சுருக்கச் சொன்னபோது, கணினி தன்னிடம் இருந்ததை ஒழுங்காகவே சுருக்கி 2.67 என்று எழுதியது. கணினி பொய் சொல்லவில்லை. நாம் கொடுத்த எண் அதனிடம் இல்லை என்பதை நாம்தாம் அறியாதிருந்தோம்.

இதில் வியப்பு ஒன்று உண்டு. அதே எண்ணை எவ்வித வடிவக் கட்டளையும் இன்றிப் பைத்தான் மொழியில் அச்சிடச் சொன்னால் 2.675 என்றே காட்டும். ஒரே எண்ணுக்கு ஏன் இரு முகம்? பழைய பைத்தான் பதிப்புகளில் 0.1 என்று இட்டுத் திரும்பக் கேட்டால் 0.10000000000000001 என்று காட்டிப் பயில்வோரை மருட்டியது. 2009இல் வந்த 3.1ஆம் பதிப்பிலிருந்து, திரும்பப் படித்தால் அதே அளவைத் தரக்கூடிய எண்ணுருக்களுள் மிகக் குறுகியதைத் தேர்ந்து காட்டும் முறை அதில் அமைந்தது. மிதவைப்புள்ளி எண்களைப் பிழையின்றி அச்சிடும் வழிகளைப் பற்றி ஸ்டீல், ஒயிட் என்னும் இருவர் 1990இல் எழுதிய ஆய்வுரை இத்துறையில் பெயர்பெற்றது. குறுகிய வடிவம் கண்ணுக்கு இனியது. ஆயினும் உள்ளிருக்கும் குறையை அது மறைத்துவிடுகின்றது. கண்ணால் பார்த்துச் சரி என்று நம்பிய நாம் ஏமாந்தது இவ்விடத்தில்தான்.

ஒரு சென்னோடு கணக்கு முடிந்துவிடவும் இல்லை. 2008 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் ரொக்கமாகச் செலுத்தும் பட்டியலின் மொத்தத் தொகையை ஐந்து சென்னின் மடங்காக முழுமையாக்கும் முறை நடப்பில் உள்ளது. ஈற்றிலக்கம் 1, 2, 6, 7 ஆனால் கீழிறக்குவர். 3, 4, 8, 9 ஆனால் மேலேற்றுவர். நம் பருப்புப் பட்டியலுக்கு இவ்விதியைப் பொருத்திப் பாருங்கள். கணினி அச்சிட்ட 2.67 கீழிறங்கி 2.65 ஆகும். கிராணியார் எழுதிய 2.68 மேலேறி 2.70 ஆகும். நினைவகத்தின் ஆழத்தில் பதினாறாம் பதின்ம இடத்தில் இருந்த ஒரு குறை, கல்லாவில் ஐந்து சென் வேறுபாடாக வந்து நின்றது. இங்கே வாங்குவோருக்கு ஆதாயம். வேறொரு விலையில் அது விற்போருக்கு ஆதாயமாகலாம். யாருக்கு ஆதாயம் என்பது விதியால் முடிவாகாமல் தற்செயலாய் முடிவாவதே இதன் குற்றம்.

இதற்குத் தீர்வு அரிதன்று. மூன்று நெறிகளைக் கடைப்பிடித்தால் போதும்.

முதலாவது, பணத்தை வெள்ளியாக வைக்காமல் சென்னாக, முழு எண்ணாக வைத்தல். 5.35 என்பது 535 சென். எடையையும் கிராமாக வைத்தால் 500. பெருக்கி ஆயிரத்தால் வகுக்கும்வரை பின்னமே தோன்றாது. புள்ளி என்பது அச்சிடும்போது மட்டும் இடப்படும் குறியாக நின்றுவிடும்.

இரண்டாவது, பத்தை அடியாகக் கொண்டு எண்ணும் வகைமையைப் பயன்படுத்துதல். பைத்தானில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல் என்று அவை வழங்குகின்றன. இங்கே ஒரு நுட்பத்தைப் போற்ற வேண்டும். எண்ணை எழுத்துச்சரமாகக் கொடுத்தே அவ்வகையை உருவாக்க வேண்டும். மிதவைப்புள்ளி எண்ணாகக் கொடுத்தால், முன்னரே குறைந்துபோன அளவை அது துல்லியமாகப் பாதுகாத்து வைக்கும்.

மூன்றாவது, முழுமையாக்கும் விதியை வெளிப்படையாக எழுதுதல். சரிபாதி வந்தால் எப்போதும் மேலேற்றுவது பள்ளியில் கற்ற முறை. அருகிலுள்ள இரட்டைப்படை இலக்கத்தை நோக்கிச் செல்வது மற்றொரு முறை, அதன்படி 2.675 என்பது 2.68 ஆகும், 2.665 என்பது 2.66 ஆகும். நெடுந்தொகைகளைக் கூட்டும்போது ஒருபக்கச் சாய்வு நேராமல் இருக்க இம்முறை உதவும். ஜாவாவின் எண்வடிவமைப்பி நாம் ஒன்றும் சொல்லாவிடில் இந்த இரண்டாம் முறையையே கொள்கின்றது. எம்முறை வேண்டும் என்பதை அங்காடியும் சங்கமும் முடிவுசெய்து நிரலில் எழுதிவைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் நிரல்மொழி தன் விருப்பப்படி முடிவுசெய்யும்.

இவ்வளவும் சொன்னபின், அந்த முதியவர் நமக்குக் கற்பித்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். தம் தந்தையார் ஊரில் கற்ற எண்சுவடிப் பாடத்தைச் சிறுவயதில் கேட்டறிந்தவர் அவர். 2.675 என்று நாம் எழுதிக்காட்டியதைச் சற்று நோக்கிவிட்டு, “இரண்டு, அரை, மும்மா, அரைமா” என்றார். நாம் தாளில் கூட்டிப் பார்த்தோம். இரண்டு, அரை 0.5, மும்மா என்பது இருபதில் மூன்று, 0.15, அரைமா என்பது நாற்பதில் ஒன்று, 0.025. கூடுதல் 2.675. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.

தமிழ்ப் பின்னங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் அம்முறையின் அமைப்புப் புலப்படும். முக்கால் 0.75, அரை 0.5, கால் 0.25, அரைக்கால் 0.125, மாகாணி 0.0625, மா 0.05, அரைமா 0.025, காணி 0.0125, அரைக்காணி 0.00625, முந்திரி 0.003125. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. இருபது, எண்பது, முந்நூற்றிருபது என்னும் பகுதி எண்கள் யாவும் இரண்டாலும் ஐந்தாலும் ஆனவை. மூன்றோ ஏழோ அவற்றுள் இல்லை. ஆகவே இவை அனைத்தும் பதின்ம முறையில் முடிவுபெறும் எண்கள். முந்திரிவரை எழுதப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்கள் போதும். சி மொழியின் அச்சிடு கட்டளை, நாம் இலக்க அளவைக் குறிப்பிடாவிடில் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்களையே எழுதும். இது தற்செயல் ஒற்றுமையே. ஆயினும் முந்திரி அதில் 0.003125 என்று முழுமையாக அமைவது மகிழ்ச்சி தருகின்றது. முந்திரியின் முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய கீழ்முந்திரியோ 0.000009765625. அதை ஆறிலக்கத்தில் அச்சிட்டால் 0.000010 என்று பருத்துவிடும். அச்சிடும் இடத்தின் அளவை அறியாமல் எண்ணை அச்சிடலாகாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

நம் முன்னோர் கணினியை முன்னறிந்தனர் என்று நாம் சொல்ல வரவில்லை. அத்தகைய பெருமை நமக்கு வேண்டா. நெல்லையும் பொன்னையும் நிலத்தையும் பங்கிட்டவர்கள், தம் தொழிலுக்கு வேண்டிய பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயரும் குறியும் அமைத்துக்கொண்டனர் என்பதே செய்தி. நாமும் நம் தொழிலுக்கு வேண்டிய துல்லியத்தை முதலில் முடிவுசெய்துவிட்டே வடிவத்தை அமைக்க வேண்டும் என்பதே பாடம்.

இப்பின்னக் குறிகளுக்கு இன்று கணினியில் இடம் உண்டு. 2019இல் வெளிவந்த யூனிகோடு 12.0 பதிப்பில் தமிழ்ப் பின்னங்களுக்கும் பழைய கணக்குக் குறிகளுக்கும் தனித் தொகுதி சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே, 2005இல் வந்த 4.1 பதிப்பில் தமிழ்ச் சுழியம் இடம்பெற்றது. மரபு எண்முறையில் சுழியம் இல்லை. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் உண்டு. 2019 என்பதை மரபு வழியில் ௨௲௰௯ என்றும், இடமதிப்பு வழியில் ௨௦௧௯ என்றும் எழுதலாம். யூனிகோடு கழகத்தின் வட்டாரத் தரவுத் தொகுப்பு இவ்விரண்டையும் இருவேறு எண்முறைகளாகவே பதிந்துள்ளது. பைத்தான் மொழியில் ௨.௬௭௫ என்று தமிழ் இலக்கங்களில் எழுதிய சரத்தைக் கொடுத்தால் அது எண்ணாகப் படித்துக்கொள்ளும். ஆனால் திரும்ப எழுதும்போது 2.675 என்றே எழுதும். படிக்கத் தெரிந்த கணினிக்குத் தமிழில் எழுதவும் நாம் சொல்லித்தர வேண்டும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழி பைத்தானின் மேல் கட்டப்பட்டது. அதில் ‘பதிப்பி’ என்னும் தமிழ்க் கட்டளையால் அச்சிடலாம். எனினும் கட்டளை தமிழாயிற்று என்பதனாலேயே கணக்கும் நம் விருப்பப்படி ஆகிவிடாது.

அடுத்து, எண்ணுருவின் புறவடிவம். பன்னிரண்டு இலட்சத்து ஐம்பதாயிரம் வெள்ளி ஐம்பது சென் என்பதை நம் நாட்டில் 1,250,000.50 என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டில் 12,50,000.50 என்று எழுதுவர். கடல் கடந்து சுமத்ராவுக்குச் சென்றால் 1.250.000,50 என்று எழுதுவர். அங்கே புள்ளி பிரிப்பதற்கு, காற்புள்ளி பின்னத்திற்கு. அங்கே 1.250 என்பது ஆயிரத்து இருநூற்றைம்பது. இங்கே அது ஒன்றேகால். வட்டாரத் தரவுத் தொகுப்பில் இந்தியத் தமிழுக்கு இலட்ச முறையும், மலேசியத் தமிழுக்கும் சிங்கைத் தமிழுக்கும் ஆயிர முறையும் தனித்தனியே பதியப்பட்டுள்ளன. ஆனால் ‘தமிழ்’ என்று மட்டும் குறித்து நாட்டைக் குறிக்காமல் விடும் நிரல், இந்திய முறையிலேயே காற்புள்ளி இடும். நம் தமிழ்ப்பள்ளி மாணவர் ஆயிர முறையில் பயில்கின்றனர். அவருக்கு முன் 12,50,000 என்று காட்டினால் அச்சுப்பிழை என்றே எண்ணுவர். நிரல் எழுதும் இளைஞர்கள் மொழியோடு நாட்டையும் குறிக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

எண்ணைச் சொல்லாக்கும்போதும் இவ்வேற்றுமை உண்டு. ஓப்பன்-தமிழ் என்னும் திறமூல நிரல்தொகுப்பில் எண்ணைத் தமிழ்ச்சொல்லாக மாற்றும் வசதி இரு வகையாக உள்ளது. ஒன்று இலட்சம், கோடி என்று செல்லும், மற்றொன்று மில்லியன் என்று செல்லும். பின்னப் பகுதியை ‘புள்ளி’ என்று தொடங்கி இலக்கம் இலக்கமாகச் சொல்லும். பணத்திற்கு இது பொருந்தாது. 2.70 என்பதை ‘இரண்டு புள்ளி ஏழு’ என்று எந்த அங்காடியிலும் நாம் கேட்டதில்லை. ‘இரண்டு வெள்ளி எழுபது சென்’ என்பதே வழக்கு. எனவே இஃது எடையா, பணமா, வெப்பநிலையா என்பதை அறிந்த பிறகே சொல்லாக்க வேண்டும்.

ஒருமை பன்மையிலும் நுட்பம் உண்டு. ஆங்கிலத்திற்குரிய விதிப்படி 1 ஒருமை, 1.0 என்று எழுதினால் பன்மை. தமிழுக்கு அத்தொகுப்பில் உள்ள விதி அளவை மட்டுமே நோக்கும், 1, 1.0 இரண்டும் ஒருமையே. ஆங்கில நிரலை அப்படியே பெயர்த்தால் ‘1.0 நாட்கள்’ என்று வரும். தமிழ்க்காதுக்கு அஃது ஒவ்வாது.

அன்பர்களே, இவற்றை முன்வைத்து மன்றத்தின் கருத்துக்கு மூன்று செய்திகளை விடுக்கின்றோம். ஒன்று, மலேசியத் தமிழில் எண்ணையும் பணத்தையும் எடையையும் எழுதும் முறையை ஒரு பக்க அளவில் வகுத்து வெளியிட வேண்டும். இரண்டு, தசமம், பதின்மம், புள்ளி ஆகிய சொற்களை எங்கெங்கே ஆள்வது என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களோடு கலந்து முடிவுசெய்ய வேண்டும். மூன்று, கோயில், சங்கம், கூட்டுறவு ஆகியவற்றுக்கு நிரல் எழுதும் இளைஞர்கள், அச்சிடும் விதியையும் முழுமையாக்கும் விதியையும் கணக்குப் பார்ப்போர் படித்தறியும் தமிழில் எழுதித் தர வேண்டும்.

மூன்றாவதே தலையாயது என்று கருதுகின்றோம். தோட்டத்துச் சம்பளச் சீட்டில் ஈற்றிலக்கத்தை யார் எப்படி எழுதினார் என்று நம் பெற்றோரில் பலரால் கேட்க முடிந்ததில்லை. கேட்பதற்குரிய எழுத்தும் கணக்கும் அவர்கள் கைக்கு எட்டாதிருந்தன. இன்று சீட்டை எழுதுவது கணினி. அதற்கு விதி எழுதுவோர் நம் பிள்ளைகள். அவர்கள் எழுதும் விதி பார்க்கக் கூடியதாகவும் கேட்கக் கூடியதாகவும் இருத்தல் வேண்டும்.

அங்காடியின் நிரலை நாம் திருத்திவிட்டோம். இப்போது அதில் எல்லாத் தொகையும் சென்னாகவே உள்ளது. பட்டியலின் அடியில் முழுமையாக்கிய விதி ஒரு வரியில் தமிழில் அச்சாகின்றது. கிராணியார் அதைப் படித்துவிட்டுப் பழைய பட்டியல்களையும் எடுத்துவரச் சொன்னார். அரைக் கிலோப் பருப்பு விற்ற ஒவ்வொன்றையும் அவர் கையால் மீண்டும் போட்டார். நாம் அருகிருந்து எழுதினோம்.